விற்றமின் குளிசைகள்: வீட்டில் வைக்கும் முறையும் அளவோடு எடுக்கும் முறையும்

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் விற்றமின் குளிசைகள் மூன்று வழிகளால் வீட்டுக்குள் வருகின்றன. கிளினிக்கில் கடதாசி உறையில் போட்டுத் தருவது ஒரு வழி. பார்மசியில் காசு கொடுத்து வாங்குவது இன்னொரு வழி. கனடாவிலோ இலண்டனிலோ கட்டாரிலோ இருக்கும் உறவினர் சொக்லேட்டுடனும் சவர்க்காரத்துடனும் சேர்த்துப் பார்சலில் அனுப்பிவைக்கும் பெரிய போத்தல் மூன்றாவது வழி. முதல் இரண்டிலும் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு எதிரே ஓர் ஆளாவது இருக்கிறார். மூன்றாவதில் அதுவும் இல்லை. அன்போடு வந்த பொருள் என்பதால் அதை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வருவதில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: யாருக்கு, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாத போத்தல் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது.

முதலாவது படி: எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருதல்

வீட்டில் எத்தனை விற்றமின் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் இரண்டு என்பார்கள். தேடிப்பார்த்தால் ஏழெட்டு வெளிப்படும். குளிர்சாதனப் பெட்டியின் மேற்பக்கம், தொலைக்காட்சிக்குப் பின்புறம், சாமி அறைத் தட்டு, அம்மம்மாவின் தலையணைக்குக் கீழ், வெற்றிலை வட்டா, பாடசாலைப் பையின் சிறு அறை என்று எல்லா இடங்களையும் பார்த்து, சத்துமா, மீனெண்ணெய், பாணி மருந்து, தண்ணீரில் கரைக்கும் வட்டக் குளிசை, பிள்ளைகளுக்கான மென்று தின்னும் இனிப்புக் குளிசை ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் பரப்ப வேண்டும். வைத்தியர் எழுதிக் கொடுத்த மற்ற மருந்துகளையும் அதே மேசையில் வைப்பது நல்லது, ஏனெனில் பின்னர் சொல்லப்போகும் பல சிக்கல்கள் அவற்றுக்கும் விற்றமின்களுக்கும் இடையில்தான் எழுகின்றன.

பெயர் அழிந்தவை, வேறொரு போத்தலில் கொட்டி வைத்தவை, யாருடையவை என்று எவருக்கும் தெரியாதவை ஆகியவற்றை உடனே பிரித்து ஒதுக்க வேண்டும். அவற்றை அடையாளம் காண முயல்வதில் பயன் இல்லை. நிறத்தையும் வடிவத்தையும் வைத்துக் குளிசையை ஊகிப்பது மருந்தாளருக்கே ஆபத்தான வேலை.

இரண்டாவது படி: சுட்டுத்துண்டை வாசித்தல்

முதலில் காலாவதித் திகதி. அமெரிக்கப் போத்தல்களில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 04/11/2026 என்று இருந்தால் நாங்கள் நவம்பர் 4 என்று வாசிப்போம். அங்கே அச்சிட்டவர் கருதியது ஏப்ரல் 11. மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று கொள்ளலாம். போத்தலைத் திறந்த நாளை நீங்களே ஒரு பேனையால் மூடியில் எழுதிவிடுங்கள். அச்சிட்ட திகதி மூடிய போத்தலுக்கு உரியது, திறந்து எங்கள் ஊர்க் காற்றுப் பட்ட போத்தலுக்கு அது முழுமையாகப் பொருந்தாது.

அடுத்தது பரிமாறும் அளவு. அட்டவணையின் மேல் வரியில் 2 குளிசைகள் அல்லது 3 குளிசைகள் என்று இருக்கும். கீழே காட்டப்படும் எண்கள் ஒரு குளிசைக்கு உரியவை அல்ல, அந்த 2 அல்லது 3 குளிசைகளுக்கு உரியவை. இதைத் தவறவிட்டால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

பின்னர் அலகுகள். விற்றமின் டி சில போத்தல்களில் மைக்ரோகிராமிலும் சிலவற்றில் சர்வதேச அலகிலும் தரப்படுகிறது. 1 மைக்ரோகிராம் 40 சர்வதேச அலகுக்குச் சமம். ஆகவே 125 மைக்ரோகிராம் என்ற சிறிய எண் உண்மையில் 5,000 அலகு. வயது வந்தவருக்கு நாள் ஒன்றுக்குத் தேவைப்படுவது 600 அலகு, எழுபதைத் தாண்டியவருக்கு 800. வைத்திய ஆலோசனை இன்றித் தொடர்ந்து எடுக்கக்கூடிய மேல் எல்லையாகக் கொள்ளப்படுவது 4,000. ஒருவர் 1,000 அலகு கொண்ட பல்விற்றமின் ஒன்றையும், 400 அலகு சேர்த்த கல்சியம் குளிசை இரண்டையும், மகள் அனுப்பிய 5,000 அலகுக் குளிசை ஒன்றையும் தினமும் எடுத்தால் கூட்டுத்தொகை 6,800 ஆகிறது. தனித்தனியே பார்த்தால் ஒன்றிரண்டு குற்றமற்றவையாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால்தான் நிலைமை விளங்கும். 50,000 அலகுக் குளிசை வாரத்துக்கு ஒன்று என்று வைத்தியர் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை நாளுக்கு ஒன்றாக விழுங்கியவருக்குச் சில வாரங்களில் குமட்டல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், மனத்தடுமாற்றம் ஆகியவை வரலாம். இரத்தத்தில் கல்சியம் அளவுமீறுவதே அதற்குக் காரணம், சிறுநீரகமும் அதில் பழுதுபடும்.

விற்றமின் ஏ குறித்து இன்னும் கவனம் வேண்டும். ரெற்றினோல் வடிவில், அதாவது உடல் நேரடியாகப் பயன்படுத்தும் வடிவில் உள்ள விற்றமின் ஏக்கு வயது வந்தவரின் மேல் எல்லை நாளுக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 அலகு. மீனெண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல. ஈரல் எண்ணெயில் விற்றமின் ஏயும் டியும் நிறைய உண்டு, சாதாரண மீனெண்ணெயில் அவை பெயருக்குத்தான் இருக்கும். கர்ப்பிணி ஒருவர் ஈரல் எண்ணெயையும் ரெற்றினோல் கலந்த பல்விற்றமினையும் சேர்த்து எடுத்தால் சிசுவின் உறுப்புகள் உருவாகும் காலத்திலேயே தீங்கு நேரலாம். சிறு பிள்ளைகளுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்கிலேயே விற்றமின் ஏ கூடிய அளவில் கொடுக்கப்படுகிறது. ஆதலால் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டைப் பார்க்காமல் வெளியிலிருந்து வந்த விற்றமின் ஏயைக் கொடுக்கக்கூடாது.

வெளிநாட்டுப் போத்தல் என்பதாலேயே அது சோதித்து அனுமதிக்கப்பட்டது என்று நினைப்பதும் சரியல்ல. அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவை உணவுக் குறைநிரப்பிகள் என்ற வகையில் அடங்குகின்றன. விற்பனைக்கு வருவதற்கு முன் மருந்துகளைப் போல அரசின் அங்கீகாரம் பெற வேண்டியதில்லை.

மூன்றாவது படி: உண்மையில் தேவைதானா என்று பார்த்தல்

சமைத்து உண்ணும் உணவில் உள்ளதைக் குளிசையில் தேடும் பழக்கம் எங்களிடம் கூடிவருகிறது. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, பப்பாசி, பூசணி, முள்ளோடு தின்னும் நெத்தலி, வாவியில் பிடித்த சிறு மீன், எருமைத் தயிர் ஆகியவை மாறி மாறி இருக்கும் வீட்டில் ஆரோக்கியமான ஒருவருக்குப் பல்விற்றமின் கூடுதலாகச் செய்வது மிகக் குறைவு. ஒரு கொய்யாப்பழம் ஒரு நாளைய விற்றமின் சியைத் தாராளமாகத் தந்துவிடும். நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டில் உள்ள பி வகை விற்றமின்களில் ஒரு பகுதி அரிசிமணிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியை விடப் புழுங்கல் அரிசியில் தயமின் எனப்படும் பி1 கூடுதலாக உண்டு. படுவான்கரை வயல்களின் குத்தரிசியை விட்டு வெள்ளைச் சோற்றுக்கு மாறிய பின் பி கொம்ப்ளெக்ஸ் வாங்குவது எனக்கு வீண்செலவாகவே தெரிகிறது.

ஆயினும் குளிசை உண்மையிலேயே தேவைப்படுவோர் இருக்கின்றனர். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கும் முதல் 12 வாரக் கர்ப்பிணிக்கும் நாளுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் அவசியம்; அது சிசுவின் முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுப்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடிவந்து சொல்லும் இரும்பு, கல்சியக் குளிசைகளைக் கறுப்பாக மலம் போகிறது, வயிறு இறுகுகிறது என்று நிறுத்திவிடுவோர் பலர். கறுப்பு மலம் இரும்பினால் வரும் சாதாரண விளைவு. மற்றத் தொல்லைகளை அவரிடமே சொல்லி மாற்று வழி கேட்கலாம். மீன், முட்டை, பால் எதையும் தொடாத கடும் சைவருக்கு பி12 வேண்டும். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவருக்கு விற்றமின் டி வேண்டியிருக்கலாம்.

நரம்புக் குளிசை என்று எங்கள் ஊர்களில் கேட்டு வாங்கப்படுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. கை கால் விறைப்பு என்று பார்மசியில் சொன்னால் பி1, பி6, பி12 கலந்த குளிசை கிடைக்கும். அவற்றில் சிலவற்றில் ஒரு குளிசையிலேயே பி6 200 மில்லிகிராம் இருக்கிறது. அமெரிக்க மேல் எல்லை நாளுக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023 இல் தன் மேல் எல்லையை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. பி6 அளவுமீறி நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் ஏற்படுவதும் கை கால் விறைப்புத்தான். நோயும் மருந்தின் விளைவும் ஒரே முகத்தோடு வருவதால், விறைப்பு குறையவில்லை என்று அதே குளிசையை இரண்டாக்குவோரும் உண்டு. மறுபக்கத்தில், நீரிழிவுக்காகப் பல வருடமாக மெற்போமின் எடுப்பவருக்கு உடலில் பி12 குறைவதுண்டு, அதனாலும் விறைப்பு வரும். நீரிழிவே நேரடியாக நரம்பைத் தாக்கியும் வரும். இந்த மூன்றையும் வீட்டில் இருந்து பிரித்தறிய முடியாது. கிளினிக்கில் சொல்லி, இயலுமானால் பி12 அளவை இரத்தத்தில் பார்த்து, அதன் பின்னரே எது தேவை என்று முடிவு செய்ய வேண்டும். போலிக் அமிலத்தை மட்டும் கூடிய அளவில் எடுத்தால் பி12 குறைவினால் வரும் இரத்தச்சோகை திருந்தியது போலத் தோன்றும், நரம்புச் சேதமோ உள்ளே தொடர்ந்து நடக்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரத்தச்சோகை எல்லாம் இரும்புக் குறைவு அல்ல. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள குடும்பத்தவர் பரிசோதனை இன்றி இரும்பை எடுக்கக்கூடாது. புகைபிடிப்போர், உடலில் விற்றமின் ஏயாக மாறும் பீற்றா கரோட்டின் குளிசையைத் தவிர்க்க வேண்டும். பின்லாந்தில் நடத்தி 1994 இல் வெளியான பெரிய ஆய்வில் அதை எடுத்த புகைப்பாளரிடையே நுரையீரல் புற்றுநோய் கூடியே காணப்பட்டது. சிறுநீரக நோயாளிகள் விற்றமின் ஏ, சி இரண்டையும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நான்காவது படி: வைக்கும் இடத்தைத் தேர்தல்

பெரும்பாலான போத்தல்களில் 25 அல்லது 30 பாகை செல்சியசுக்குக் கீழ் வைக்கவும் என்று எழுதியிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பகல் வெப்பம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். மாரியில் வெப்பம் இறங்கினாலும் சுவரே வியர்க்கும் ஈரம் வந்துவிடும். விற்றமின் சி, தயமின், போலிக் அமிலம் ஆகியவற்றுக்கு ஈரம் பகை. விற்றமின் ஏ, ரைபோபிளேவின், பி12 ஆகியவற்றுக்கு வெளிச்சம் பகை. எண்ணெய்களுக்கு வெப்பமும் காற்றும் பகை. ஆகவே தேட வேண்டிய இடம் குளிர்ச்சியாகவும் உலர்ந்தும் இருட்டாகவும் இருக்க வேண்டும், பிள்ளைகளின் கைக்கும் எட்டக்கூடாது.

சீற் போட்ட வீட்டில் கூரைக்கு அண்மையில் உள்ள தட்டுத்தான் மிகச் சூடானது. பிள்ளைக்கு எட்டாது என்று அங்கே வைப்பதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் சேர்ந்தே வருகின்றன. குசினி அடுப்படியும் குளியலறையும் ஈரத்தால் பொருந்தா. குளிர்சாதனப் பெட்டியின் மேற்புறம் அதன் இயந்திரச் சூட்டால் பொருந்தாது. மேற்குச் சுவரைத் தவிர்த்து, படுக்கையறை அலுமாரியில் நெஞ்சுயரத்தில் பூட்டக்கூடிய ஓர் அறையை ஒதுக்குவதே எங்கள் வீடுகளுக்கு நடைமுறைக்கு உகந்தது. மோட்டார் சைக்கிள் இருக்கைப் பெட்டியிலும் ஆட்டோவின் முன்தட்டிலும் பகல் முழுவதும் கிடந்த குளிசையை நம்ப முடியாது.

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. போத்தலில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் வைக்கலாம்; திறந்த மீனெண்ணெய்ப் போத்தலுக்கும் அது உதவும். உலர்ந்த குளிசைகளுக்கு அது பாதுகாப்பல்ல, ஏனெனில் குளிர்ந்த போத்தலை வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எங்கள் ஈரக்காற்று உள்ளே புகுந்து நீராகப் படியும். மின்வெட்டு நாட்களில் இது இன்னும் மோசமாகும்.

வைத்தியசாலைக் கடதாசி உறை ஈரத்தைத் தடுக்காது. மார்கழி மழையில் ஒரு வாரம் மேசையில் கிடந்த இரும்புக் குளிசையை எடுத்துப் பாருங்கள்: சீனிப்பூச்சு பிசுபிசுத்து, இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டி, உறையின் உட்புறத்தில் செம்பழுப்புக் கறை படிந்திருக்கும். உறையைத் தூக்கி எறியாமல், பெயரும் அளவும் எழுதிய அந்த உறையோடு சேர்த்தே குளிசைகளை இறுக மூடும் உலர்ந்த போத்தலுக்குள் வையுங்கள். வெளிநாட்டுப் போத்தலுக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எடுக்க வேண்டாம். மேலே அடைத்திருக்கும் பஞ்சை மட்டும் முதல் நாளே அகற்றிவிடுங்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரக் கையால் குளிசையை எடுப்பதும், அதிகமாகக் கொட்டியதைத் திரும்பப் போடுவதும் கூடாது. வெவ்வேறு குளிசைகளை ஒரே போத்தலில் சேர்க்கக்கூடாது.

விற்றமின் சி குளிசையில் பழுப்புப் புள்ளி, எண்ணெய்க் குளிசைகள் ஒட்டிக்கொள்ளல், கடித்தால் காறல் மணம் ஆகியவை பழுதின் அடையாளங்கள். பி கொம்ப்ளெக்ஸின் கடும் மணம் மட்டும் இயல்பானது, அதை எடுத்த பின் சிறுநீர் கடும் மஞ்சளாவதும் அவ்வாறே.

2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்தது போன்ற வெள்ளத்தில் நனைந்த மருந்து எதையும், மூடி இறுகியிருந்தாலும், பயன்படுத்தக்கூடாது. மாரி தொடங்கும்போதே அன்றாட மருந்துகளை ஒரு நீர்புகாப் பையில் கட்டி, கிளினிக் கொப்பியோடு உயரத்தில் வைப்பது புத்திசாலித்தனம்.

ஐந்தாவது படி: பிள்ளைகளிடமிருந்து பாதுகாத்தல்

இந்தக் குளிசைகளில் சிறு பிள்ளையின் உயிரைப் பறிக்கக்கூடியது இரும்பு. 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேற்றுக் குளிசை ஒன்றில் ஏறத்தாழ 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் சென்றால் வயிற்றுக் கோளாறு தொடங்கும். 60ஐத் தாண்டினால் உயிராபத்து. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முதலாவது நிலை மூன்று குளிசையில் வந்துவிடுகிறது, இரண்டாவது பத்துக் குளிசையில். கர்ப்பிணித் தாயின் உறையில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும், அந்த வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளையும் இருக்கக்கூடும்.

விழுங்கிய பிள்ளை வாந்தியெடுத்துவிட்டுச் சில மணி நேரத்தில் தேறியதுபோல விளையாடத் தொடங்கலாம். அதை நம்பக்கூடாது; அடுத்த நாளுக்குள் நிலைமை திடீரென்று மோசமாகும் நஞ்சு இது. வாந்தி எடுக்கச் செய்ய முயலாமல், போத்தலையும் மீந்த குளிசைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு அண்மையில் உள்ள வைத்தியசாலைக்கு உடனே செல்ல வேண்டும். வாகனம் இல்லையேல் 1990 இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இனிப்புக் குளிசையைப் பிள்ளைக்கு டொபி என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். அமுக்கித் திருப்பும் மூடியை மூட்டுவலி உள்ள பெரியவர்கள் அரைகுறையாக மூடி வைப்பார்கள்; அவர்களுடைய குளிசையை வேறொருவர் எடுத்துக்கொடுப்பதே அதற்கு வழி.

ஆறாவது படி: நேரமும் சேர்க்கையும்

இரும்பை வெறும் வயிற்றில், தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் உடல் நன்றாக உறிஞ்சும். வயிறு எரிந்தால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். தேத்தண்ணிக்கும் இரும்புக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். நாளுக்கு ஐந்து பிளேன் டீ குடிக்கும் ஊரில் இதுதான் மிகவும் மீறப்படும் விதி. கல்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றையொன்று கெடுக்கும். ஒன்றைக் காலையிலும் மற்றையதை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். கல்சியத்தை ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பதில் பயன் குறைவு. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்தே உறிஞ்சப்படுவதால், தேங்காய்ப்பால் கறியுள்ள பகற்சாப்பாட்டோடு எடுப்பது பொருத்தம். நோன்பு காலத்தில் நோன்பு திறந்த பின் ஒன்றும் சஹர் நேரத்தில் மற்றொன்றுமாகப் பிரிக்கலாம், சஹருக்குக் குடிக்கும் தேத்தண்ணியை மட்டும் கவனித்துக்கொண்டு.

தைரொயிட்டுக்காக லெவோதைரொக்சின் எடுப்பவர் அதற்கும் இரும்பு, கல்சியத்துக்கும் இடையில் நான்கு மணி நேரம் விட வேண்டும். சிப்ரோபுளொக்சசின், டெற்றாசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்கொல்லிகளையும் இவை கட்டிப்போட்டுவிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவர் விற்றமின் கே அடங்கிய எதையும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோற்றின், தைரொயிட் பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையையும் பிழையாகக் காட்டச்செய்யும். இரத்தம் கொடுக்கும் முன் அதை எடுப்பதாகச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் மனதில் வைத்திருக்க இயலாது. ஒரு தாளில் பெயர், அளவு, நேரம், தொடங்கிய நாள், நிறுத்தும் நாள் என்று எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி, அதன் பிரதியொன்றைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். மருந்து எடுக்கிறீர்களா என்று வைத்தியர் கேட்கும்போது விற்றமினை மருந்தாக நினைத்துச் சொல்பவர் அரிது. தாள் அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

ஏழாவது படி: கழிவகற்றலும் அடுத்த பார்சலும்

ஒதுக்கியவற்றைக் கிணற்றடியிலோ வாவியிலோ கொட்டக்கூடாது. எங்கள் கரையோர மணலில் போட்டது எதுவும் இலகுவில் நிலத்தடி நீரைச் சேரும். திரும்ப ஏற்கிறார்களா என்று முதலில் மருந்தாளரைக் கேளுங்கள். இல்லையெனில் போத்தலில் இருந்து வெளியே எடுத்து, தேயிலைச் சக்கை அல்லது சாம்பலோடு கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பையோடு கொடுக்கலாம். கோழியும் நாயும் கிளறும் இடத்தில் வைக்க வேண்டாம்.

அடுத்த பார்சலுக்கு முன் அனுப்புபவரிடம் பேசிவிடுங்கள். கடையில் நிற்கும்போதே சுட்டுத்துண்டின் படத்தை அனுப்பச் சொல்லி, அதை வீட்டுத் தாளோடு ஒப்பிட்டு, ஏற்கெனவே இருப்பதோடு மோதுமானால் வேண்டாம் என்று சொல்லலாம். முந்நூறு குளிசைப் போத்தலை விட அறுபது கொண்ட சிறிய போத்தலே எங்கள் காலநிலைக்கு நல்லது, திறந்தபின் பழுதாகும் முன் முடிந்துவிடும். கர்ப்பிணிக்கோ ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கோ என்றால், வாங்கும் முன் அந்தப் படத்தைக் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.